ஏழாம் நம்பர் மலைக்குக் கீழே கட்டிய சேலை

கொட்டகலையில் நான் படிப்பிக்கும் பள்ளிக்கூடத்தில், என் மேசைக் கண்ணாடிக்கு அடியில், நேர அட்டவணைக்கும் விடுமுறைப் பட்டியலுக்கும் நடுவே ஒரு சாண் நீளத் துணித்துண்டு கிடக்கிறது. சிவப்புத் துணி என்று நான்தான் சொல்லிக்கொள்ள வேண்டும். புதிதாகப் பார்க்கிறவர்கள் காவி என்பார்கள். ஓரத்தில் மிச்சமிருக்கும் இரண்டு மூன்று ஜரிகை இழைகளைக் கண்டுபிடிக்கிறவர்கள், ஏதோ கோயிலில் கொடுத்தது என்று நினைத்துக் கண்ணாடியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள். நான் தடுப்பதில்லை. ஒரு காலத்தில் ஒரு தேயிலைத் தோட்டமே அதைக் கும்பிட்டிருக்கிறது, இவர்கள் கும்பிடுவதில் என்ன குறைந்துவிடப் போகிறது? அது எங்கள் அண்ணியின் கல்யாணச் சேலை. கும்பிட்டவர்களில் எங்கள் அண்ணனும் ஒருவர்.

அண்ணி டயகமப் பக்கத்திலிருந்து எங்கள் தோட்டத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவர். கொழுந்து பறிப்பதில் வேகம், பேச்சில் அதைவிட வேகம். மலையில் அவர் சிரித்தால் கீழே எங்கள் வீட்டு வரிசையான லயத்தில் தொட்டில் பிள்ளை முழித்துக்கொள்ளும் என்று மற்றப் பெண்கள் கேலி பண்ணுவார்கள். அவருடைய ஒரே குறை அண்ணன்தான். குறை அண்ணனிடம் இல்லை, அண்ணன் பக்கத்தில் இல்லாததுதான் குறை. கல்யாணமான மறுமாதமே கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடைக்கு வேலைக்குப் போனவர், ஆறு வருஷம் அங்கேதான் இருந்தார். தீபாவளிக்கு வருவார், மாரியம்மன் திருவிழாவுக்கு வருவார், கொண்டுவந்த பை காலியாவதற்குள் திரும்பிப் போய்விடுவார். "எனக்கு வருஷத்துல பதினஞ்சு நாளுதான் கல்யாணம்" என்று அண்ணி சிரித்துக்கொண்டே சொல்வார். சிரித்து முடித்ததும் அடுப்பைப் பார்க்கப் போய்விடுவார்.

ஏழாவது வருஷம் அண்ணன் ஒரேயடியாகத் திரும்பி வந்தார். காரணம் டேம். எங்கள் லயத்துக்குக் கீழே ஏழாம் நம்பர் மலை. தோட்டத்தில் தேயிலைப் பரப்பு ஒவ்வொன்றையும் மலை என்போம், ஒவ்வொன்றுக்கும் ஒரு நம்பர் உண்டு. அந்த மலை சரிந்து முடிகிற இடத்தில் நீர்த்தேக்கம் தொடங்கும். மின்சாரத்துக்காக அந்தக் காலத்தில் ஆற்றை மறித்துக் கட்டியது. அதில் திலாப்பியாவும் கெண்டையும் குஞ்சாகக் கொண்டுவந்து விட்டு, எதிர்க்கரைச் சிங்களக் கிராமத்து ஆட்களும் எங்கள் ஆட்களும் சேர்ந்து ஒரு மீனவர் சங்கம் வைத்திருந்தார்கள். அண்ணன் ஒரு பழைய தோணியும் வலையும் வாங்கிக்கொண்டு அதில் சேர்ந்தார். எனக்கு அப்போது இருபத்தாறு வயது, தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார். இரண்டு மொழியும் எழுத வரும் என்பதால் என்னைச் சங்கச் செயலாளர் ஆக்கிவிட்டார்கள். எனக்கு நீச்சல் தெரியாது என்பதை யாரும் ஒரு குறையாக எடுத்துக்கொள்ளவில்லை.

அந்த முதல் இரண்டு வருஷங்களை நினைத்தால் எனக்கு இப்போதும் வாய் ஊறும். விடியக் காலையில் அண்ணன் கொண்டுவரும் திலாப்பியா, சட்டியில் வால் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அண்ணி காலையில் வேலைக்கு ஆளெடுக்கும் பெரட்டுக்குப் பெயர் கொடுக்கப் போவதற்கு முன்பே குழம்பு கொதித்துவிடும். லயத்துப் பூனைகள் எல்லாம் எங்கள் வாசலுக்குக் குடிவந்துவிட்டன. மாலையில் அண்ணன் வாசலில் வலையைச் சிக்கெடுப்பார், அண்ணி எதிரில் உட்கார்ந்து அன்று மலையில் நடந்த கதை முழுவதையும் சொல்வார். ஆறு வருஷத்துக் கதை பாக்கி இருந்தது, அதையும் இடையிடையே சேர்த்துக்கொள்வார். அண்ணன் 'ம்' மட்டும்தான் சொல்வார். அந்த 'ம்' இருந்தால் அண்ணிக்குப் போதும்.

பிறகு தோணிகள் கூடின. வலையின் கண் வருஷத்துக்கு வருஷம் சுருங்கியது. முதலில் நாலு விரல் நுழைகிற கண், அப்புறம் மூன்று விரல், கடைசியில் ஒரு விரலை விடுவதற்கே யோசிக்க வேண்டியிருந்தது. வலை போட்டுவிட்டுத் தண்ணீரைத் தடியால் அடித்து, மிரண்டு ஓடும் மீனை வலைக்குள் விரட்டும் பழக்கமும் வந்தது. அண்ணனும் அதைத்தான் செய்தார். கேட்டால், "நான் புடிக்காட்டி அக்கரையில புடிச்சிருவான்" என்பார். அக்கரையில் இதே வார்த்தையைச் சிங்களத்தில் எங்களைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார்கள் என்பது செயலாளரான எனக்கு நன்றாகத் தெரியும். இரண்டு பக்கத்தையும் மொழிபெயர்த்த நான், இரண்டு பக்கத்தையும் உட்காரவைத்து ஒரு வார்த்தை கேட்கவில்லை. மீன் விரல் நீளத்துக்கு வந்தபோது அதை மொறுமொறுவென்று பொரித்து முள்ளோடு தின்றவர்களில் நானும் ஒருவன். ருசியாகத்தான் இருந்தது, அதை மறைப்பானேன்.

ஒரு நாள் அண்ணன் ஒரு கைப்பிடி மீனோடு வந்தார். அதை அண்ணியிடம் கொடுக்காமல் பூனைகளுக்குப் போட்டார். கையைக் கழுவிக்கொண்டு, "பழைய கடைக்குச் சொல்லி அனுப்பிட்டேன். தீபாவளி முடிஞ்சு வரச் சொல்லியிருக்காங்க" என்றார். அண்ணி கூடையை எடுத்துக்கொண்டு மலைக்குப் போய்விட்டார். அன்று முழுவதும் ஏழாம் நம்பர் மலையில் சிரிப்புச் சத்தம் கேட்கவில்லை.

ஆனால் அண்ணி வெறும் கவலைப்படுகிற ஆள் இல்லை. ஏழாம் நம்பர் மலையின் கீழ்ப்பக்கத்தில், தண்ணீர் உள்ளே நுழைந்து ஒரு வளைவாக நிற்கிற இடம் உண்டு. தோணியில் போகிறவர்களுக்கு அங்கே கலங்கல்தான் தெரியும். மேலே நின்று கொழுந்து பறிக்கிறவர்களுக்கு, வெயில் ஏறிய நேரத்தில் தரைவரை தெரியும். அங்கே ஆண் மீன்கள் மண்ணைப் பறித்துத் தட்டுத் தட்டாகப் பள்ளம் செய்வதையும், தாய் மீன் முட்டையை வாயில் அள்ளிக்கொண்டு ஒதுங்குவதையும், பிறகு அதன் வாயிலிருந்து குஞ்சுகள் கொத்தாக வெளியே வந்து ஏதாவது நிழல் பட்டதும் திரும்ப அதே வாய்க்குள் ஓடுவதையும் அண்ணி வருஷக் கணக்காகப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த வளைவில்தான் எல்லாத் தோணிக்காரர்களும் தடியால் அடித்தார்கள், ஏனென்றால் அங்கேதான் மீன் மிஞ்சியிருந்தது. "அந்த எடத்தை மட்டும் கொஞ்ச நாளைக்கு விட்டாப் போதும் தம்பி" என்று அண்ணி என்னிடம் சொன்னார். நான் உடனே எனக்குத் தெரிந்த வைத்தியத்தைச் செய்தேன். இரண்டு மொழியிலும் அழகான எழுத்தில் ஓர் அறிவிப்புப் பலகை எழுதிக் கரை மரத்தில் ஆணியடித்தேன். நாலாம் நாள் அது யார் வீட்டுக் கோழிக்கூட்டுக்கோ கதவாகிவிட்டது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், அண்ணன் ஹட்டனுக்குச் சாமான் வாங்கப் போயிருந்தபோது, அண்ணி என்னைத் தோணியில் ஏற்றினார். தோணி ஓட்டியதும் அவர்தான், நான் பலகையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வளைவின் வாயில் நாலு மூங்கில் கம்புகளைக் குறுக்காக ஊன்றி, மடியிலிருந்து ஒரு சிவப்புத் துணியைக் கிழித்துக் கிழித்து ஒவ்வொன்றிலும் கட்டினார். "எல்லை தெரியணும்ல. பலகையைப் படிக்காதவனும் சேப்பைப் பாப்பான்" என்றார். அது என்ன சேலை என்று பார்க்கும் கண் எனக்கு இல்லை. நான் கரை எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகு நடந்ததற்கு அண்ணியும் பொறுப்பில்லை, நானும் பொறுப்பில்லை. எங்கள் தோட்டத்து ஆட்களை யாராவது பொறுப்பாக்க வேண்டுமானால் ஆக்கலாம். மரத்தடியில் ஒரு கல் நிமிர்ந்து நின்றால் அதற்கு மஞ்சள் பூசிவிடுகிற சனம் நாங்கள். போதாததற்கு, டேம் கட்டியபோது ஒரு பழைய கோயில் தண்ணீருக்குள் போனது எல்லோருக்கும் தெரியும். முதல் வாரம் கம்புகளுக்கு நேரே கரையில் ஒரு கல் வந்தது. இரண்டாம் வாரம் கல்லுக்குக் குங்குமம் வந்தது. மூன்றாம் வாரம், மூழ்கிய சாமி சிவப்புச் சேலை கட்டி எழுந்து வந்திருக்கிறது என்று மூன்று தோட்டம் தள்ளியும் பேச்சு. எதிர்க்கரைக் கிராமத்திலிருந்தும் வந்து விளக்கு வைத்தார்கள். தோணிகள் கம்பைக் கண்டதும் தூரத்திலேயே திரும்பின. அண்ணன் தோணியில் நின்றபடியே துடுப்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு இரண்டு கையாலும் கும்பிட்டதை மேலே மலையிலிருந்து அண்ணியே பார்த்தார். அன்று ஏழாம் நம்பர் மலையில் பழைய சிரிப்பு கேட்டது. எனக்கு உள்ளூர உறுத்தியது. பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் படிப்பிக்கிறவன் நான். "அண்ணி, சொல்லிருவமா?" என்றேன். "நான் சாமின்னு சொன்னனா? சேலையத்தானே கட்டினேன்" என்று வாயைப் பொத்திக்கொண்டார்.

வளைவில் மீன் தங்கத் தொடங்கியது. அதுதான் வினையாகிவிட்டது. எங்கள் பூசாரி, வார நாளில் தேயிலை ஃபக்டரியில் வேலை செய்கிறவர், ஞாயிற்றுக்கிழமைகளில் சாமிக்காரர். அவர் ஒரு நாள் கரையிலிருந்து உள்ளே பார்த்தார். தட்டுத் தட்டாகப் பள்ளங்கள், ஒவ்வொன்றிலும் தடித்த மீன். அடுத்த வாரமே அறிவித்துவிட்டார்: வருகிற ஞாயிறு சாமிக்குப் படையல். சாமி வளர்த்த மீனையே பிடித்துச் சாமிக்குப் படைத்து, பிறகு இரு கரைக்கும் விருந்து. எல்லா வலையும் வரவேண்டும். சங்கத்தில் ஒருவர்கூட மறுக்கவில்லை. அண்ணன் தன் ஒரு விரல் வலையைச் சரிபார்த்து வைத்தார். தீபாவளிக்கு இன்னும் ஒரு மாதம்தான் இருந்தது.

கரையில் எல்லாவற்றையும் சொல்லிவிடப் போவதாக அண்ணி சொன்னார், நான் வேண்டாம் என்று கெஞ்சினேன். இப்போது போய் உண்மையைச் சொன்னால் சாமி நிந்தனை என்பார்கள், அண்ணனுக்கே கோபம் வரும், ஊரே நம்மை ஒதுக்கும் என்றேன். அண்ணி அரிசி புடைத்துக்கொண்டே கேட்டார். "சாமிக்குப் பயந்து விட்ட எடம்தானே தம்பி. சாமிக்கு வேணும்னு சொன்னதும் கை வைக்கிறாங்க. அதுக்கு நான் என்ன செய்ய ஏலும், நடந்ததைத்தான் சொல்ல ஏலும்." சொல்லிக்கொண்டே புடைத்ததில் பாதி அரிசி தரையில் கொட்டியது. அவருக்குப் பயம் இல்லை என்று நான் எந்தக் காலத்திலும் சொல்லமாட்டேன்.

அந்த ஞாயிறு கரையில் அண்டாக்கள் வந்துவிட்டன, விறகு அடுக்கியாகிவிட்டது, சிறு பிள்ளைகள் வாழையிலையைப் பிடித்துக்கொண்டு காலையிலேயே வரிசையில் உட்கார்ந்துவிட்டார்கள். தோணிகளில் வலை ஏறியது. பூசாரி சூடத்தைக் கொளுத்தப் போகும்போது அண்ணி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். கையில் மடித்த சேலை.

"தாயி, சாமி காரியம். தள்ளி நில்லு" என்றார் பூசாரி.

"சாமி காரியம்னா தள்ளி நிப்பேன் மாமா. இது என் சேலை காரியம்" என்றார் அண்ணி. கரையோரக் கம்பை எட்டிப்பிடித்து, அதில் கட்டியிருந்த துணியை அவிழ்த்தார். கையிலிருந்த சேலையைப் பிரித்து, கிழிந்த ஓரத்தோடு இந்தத் துணியைச் சேர்த்துப் பிடித்தார். சேலையில் பாதி மாங்காயும் துணியில் பாதி மாங்காயுமாக ஜரிகை ஒன்றாய்ப் பொருந்தியது. அண்ணன்தான் முதலில் வாய் திறந்தார். "இது நம்ம கூறைச் சேலை மாதிரியில்ல இருக்கு?"

"மாதிரி இல்ல. அதேதான்" என்றார் அண்ணி.

பூசாரிக்கு முகம் சிவந்துவிட்டது. "சாமிய வச்சு வெளையாடுறியா?" என்று சத்தம் போட்டார். அண்ணி குரலை உயர்த்தவில்லை. "சாமின்னு என் வாயால சொல்லல மாமா. ஆனா நீங்கல்லாம் கும்புடுறதப் பாத்துட்டு சும்மா இருந்தேன். அது தப்புதான், மன்னிச்சுக்கங்க. ஒண்ணு மட்டும் கேக்கறேன். கவ்வாத்து வெட்டின மலையில நாம கூடையோட எறங்குவமா? மொட்டையா நிக்குது, துளிர்க்கட்டும்னு மாசக்கணக்கா விட்டுட்டு வேற மலைக்குப் போறோம்ல? அவசரப்பட்டு ஒருத்தி கை வச்சா நாமளே வையிறோம்ல? இந்த எடத்தையும் அப்புடி நெனச்சுக்கங்க. உள்ள கெடக்குறது பூரா தாய் மீனு. வாயில குஞ்ச வச்சுக்கிட்டுத் தின்னாமக் கெடக்குது. இதையும் வழிச்செடுத்தா, தீபாவளி முடிஞ்சு எங்க வீட்டு ஆளு கொழும்புக்கு பஸ் ஏறணும். ஆறு வருஷம் இருந்து பாத்துட்டேன். இன்னொருக்கா என்னால ஏலாது." அந்தக் கடைசி வார்த்தையில் அவர் அழுதுவிட்டார். எங்கள் அண்ணி ஊர் முன்னால் அழுது நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

கூட்டத்தில் பாதிப்பேர் கொழுந்துப் பெண்கள். கவ்வாத்து என்றதும் அவர்களுக்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை. சங்கத் தலைவர் அக்கரைச் சிங்களக்காரர், பெரிய உடம்பு, மெதுவாகப் பேசுகிறவர். நான் அவருக்குச் சிங்களத்தில் மொழிபெயர்க்க மொழிபெயர்க்க அவர் தோள் குலுங்க ஆரம்பித்தது. பிறகு, தங்கச்சி என்பதை மட்டும் சிங்களத்தில் விட்டுவிட்டு, தமக்குத் தெரிந்த தமிழில், "நங்கி, நான் ரெண்டு வாட்டி வெளக்கு வச்சது. எண்ணெயைத் திருப்பிக் குடு" என்றார். அவ்வளவுதான், கரை முழுக்கச் சிரிப்பு வெடித்தது. அண்ணன் கும்பிட்ட கதையையும் யாரோ அவிழ்த்துவிட்டார்கள், அவர் தலையைக் குனிந்துகொண்டே சிரித்தார். பூசாரி மட்டும் கொஞ்ச நேரம் முறைத்தார். பிறகு சூடத்தைக் கல்லுக்கு முன்னால் கொளுத்திவிட்டு, "சேலை உன்னோடதுதான் தாயி. கட்டச் சொன்னது யாருன்னு உனக்குத் தெரியுமா?" என்றார். அண்ணி குனிந்து சூடத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். கல் இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறது.

வலை எல்லாம் தோணியிலிருந்து இறங்கியது. ஆனால் அண்டா கொதித்துக்கொண்டிருந்தது, பிள்ளைகள் இலையோடு உட்கார்ந்திருந்தார்கள். தோட்டத்துக் கடைக்கு ஆளனுப்பி, இருந்த டின் மீன் அத்தனையையும் வாங்கிவந்து குழம்பு வைத்தோம். ஒரு டேம் நிறையத் தண்ணீரையும் அதற்குள் மீனையும் பார்த்துக்கொண்டே, எந்தக் கடலிலோ பிடித்த டின் மீனைத் தின்ற அந்த விருந்தைப் போல ஒரு சந்தோஷமான சாப்பாட்டை நான் என் கல்யாணத்தில்கூடச் சாப்பிட்டதில்லை.

மறுநாளே எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத ஆசைதான். அப்படி இல்லை. மீன் முட்டையிடும் மாதங்களில் வளைவை மூடுவது, நாலு விரல் கண்ணுக்குக் குறைந்த வலை போடுவதில்லை, தண்ணீரை அடிப்பதில்லை என்று சங்கம் எழுதிக்கொண்டது. என் கையெழுத்தில்தான், ஆனால் இந்தத் தடவை எல்லோரும் படித்தார்கள். அந்த முதல் வருஷம் வலை பெரும்பாலும் வெறுமையாகத்தான் வந்தது. நாலு விரல் கண்ணில் நிற்கிற அளவுக்கு மீன் வளரவில்லை. அண்ணன் தோட்டத்தில் கவ்வாத்துக் கத்தி எடுத்து நாட்கூலிக்குப் போனார். தீபாவளி வந்தது, போனது. கொழும்புக்கு என்று கட்டிய பை கட்டிலுக்கு அடியில் கிடந்தது, அதை யாரும் அவிழ்க்கவும் இல்லை, எடுத்துக்கொண்டு கிளம்பவும் இல்லை. ஒரு நாள் பூனை அதற்குள் குட்டி போட்டது. அன்றோடு அந்தப் பேச்சு முடிந்தது. பழைய ஒரு விரல் வலையை அண்ணி லயத்துக்குப் பின்னால் போஞ்சிக் கொடிக்குப் பந்தலாகக் கட்டினார். அடுத்த வருஷம் போஞ்சியும் காய்த்தது, முழங்கை நீளத் திலாப்பியாவும் வந்தது. எதிர்க்கரைத் தலைவர் முதல் பெரிய மீனை அண்ணிக்குத்தான் கொடுத்தனுப்பினார். தமக்குத் திருப்பித் தர வேண்டிய அந்த எண்ணெயிலேயே பொரிக்கச் சொல்லியிருந்தார்.

இப்போது நான் கொட்டகலையில் குடியிருக்கிறேன், லீவுக்குத்தான் தோட்டத்துக்குப் போகிறேன். அண்ணி இன்னும் ஏழாம் நம்பர் மலையில் பறிக்கிறார், சிரிப்பு மட்டும் கொஞ்சம் கனத்திருக்கிறது. கம்புகளில் வருஷா வருஷம் புதுச் சிவப்புத் துணி கட்டுகிறார்கள், ஒரு வருஷம் நம் பக்கத்திலிருந்து, மறுவருஷம் அக்கரையிலிருந்து. போன மாதம் நான் போயிருந்தபோது அண்ணன் தோணியைக் கரையில் கவிழ்த்துப் பழுதுபார்த்துக்கொண்டிருந்தார். முனைப் பலகையைக் கழற்றியபோது அடியிலிருந்து சுருட்டிவைத்த ஒரு துணி விழுந்தது. முதன்முதலாகக் கட்டியதில் ஒன்று. இத்தனை வருஷமும் அதைத் தோணிக்குள் வைத்திருந்ததை அவர் யாரிடமும் சொல்லவில்லை. அண்ணி அதை எடுத்துத் தட்டிப் பார்த்தார். எனக்கு அப்போதுதான் கேட்கத் தோன்றியது. "அண்ணி, அன்னைக்கு உங்ககிட்ட வேற செவப்புத் துணியே இல்லையா?"

"ஏன் இல்ல? திருவிழாவுக்குக் கட்டுன பழைய சேப்பு ஒண்ணு இருந்துச்சு. அதத்தான் மொதல்ல எடுத்தேன்" என்றார் அண்ணி. துணியை விரலில் சுற்றிக்கொண்டார். "அப்புறம் வச்சிட்டேன். ஆறு வருஷமா இவரு இல்லாதப்பல்லாம் பொட்டியத் தெறந்து இந்தச் சேலையத்தான் தம்பி பாத்துக்கிட்டிருந்தேன். இனிமே சேலை வெளிய கெடக்கட்டும், ஆளு வீட்டுல இருக்கட்டும்னு தோணுச்சு."

அண்ணன் சுத்தியலை வைத்துவிட்டு, "ம்" என்றார். அண்ணி அந்தத் துணியை நடுவில் கிழித்து, "செயலாளருக்குப் பாதி" என்று என்னிடம் ஒரு துண்டைத் தந்தார். அதுதான் என் மேசைக் கண்ணாடிக்கு அடியில் இருக்கிறது. மற்றப் பாதியை அண்ணன் இருந்த இடத்திலேயே செருகிப் பலகையை அடித்தார். அது தினமும் அவரோடு தண்ணீருக்குப் போகிறது, தினமும் அவரோடு வீட்டுக்கு வந்துவிடுகிறது.